கிணற்றடிக்குப் போன வெல்லத் தண்ணீர்

ஒரு கொத்தனாரை அமர்த்துவதற்கு என் அப்பா நடத்திய விசாரணையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். வெள்ளைக்காரத் தொரை விட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடியேறியிருந்தார். அவருடைய குளியலுக்கும் சமையலுக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போகும். அடைமழையில் அந்தக் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் சரிந்து விழுந்தது. உடனே கட்டச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். ஆட்களை அப்பாவே பிடித்துக்கொள்ளலாம், வேலை முடியும்வரை அவர்களுக்கு முத்திரை குத்திய சீட்டு தரப்படும் என்றார்.

அந்தச் சீட்டுதான் எங்கள் வீட்டுக்கு உயிர். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு லாரி லாரியாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. சட்டைப் பையில் சீட்டு இருந்தால் மட்டும் தொடமாட்டார்கள். என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, அப்போது இருபது வயது. பால்மரம் வெட்டி ரப்பர் எடுப்பது நின்றுபோனதால் வேலையில்லாமல் எங்கள் வீட்டோடு இருந்தார்.

அப்பா கொத்தனார் தேடினார். முதலில் வந்தவர் கெட்டிக்காரர், ஈப்போவில் கடைவீடுகள் கட்டியவர். நாலே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அப்பா அவருக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார். இரண்டாமவர் பத்து நாள் கேட்டார். அவருக்கும் கிழங்குதான் கிடைத்தது. மூன்றாமவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு என் மாமாவைப் பார்த்தார்.

"எத்தன மாசம் இழுக்கணும், கிராணி ஐயா?"

அப்பா அந்த நிமிஷமே அவரை அமர்த்திக்கொண்டார். மாமாவும் தொழிலாளர் குடியிருந்த லயத்து இளைஞர்கள் மூன்று பேரும் அவருக்குக் கையாட்கள். ஆக மொத்தம் ஐந்து சீட்டு.

வேலை நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. தொரை விட்டுப்போன சிமெண்ட் மூட்டைகள் தோட்டத்து ஸ்டோரில் கிடந்தன. சரிந்த இடத்தில் பலகை அடைத்து, ஒரே நாளில் கலவையை ஊற்றிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அதிகாரியின் முன்னால் பலகையைப் பிரித்தால் சுவர் புட்டு மாதிரி உதிரும். அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடியும் பலகை அடைப்பார்கள். மழை என்பார் கொத்தனார், ஈரம் ஏறிய சிமெண்ட் என்பார். ஒருமுறை அதிகாரி எல்லார் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அவர் குனிந்து வணங்கிவிட்டு, அடுத்த கலவைக்கு மணல் சலிக்கப் போனார். வேலை தெரியாத இந்த ஆளை அப்பா எதற்காகக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று எனக்குக் கோபமாக இருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது, கோபத்துக்குக் குறைச்சல் இல்லை.

கலவை போடும் நாளில் எனக்கும் ஒரு வேலை உண்டு. அம்மா ஒரு வட்டுத் தென்னை வெல்லத்தைச் சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். நான் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுக்க வேண்டும். அது கலவைக்குள் போகும்.

"இனிப்பு ஊத்துனாத்தான் செவுரு கல்லு மாதிரி நிக்கும். ஊருல கோயிலெல்லாம் அப்படித்தான் கட்டியிருக்கு" என்றாள் அம்மா. இதையே அப்பா அரைகுறை ஜப்பானிய மொழியில் அதிகாரியிடம் சொன்னபோது, அவர் தலையாட்டித் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வீட்டில் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதான். சீனியைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா தன் கல்யாணச் சேலையை கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்தில் கொடுத்துத்தான் அந்த வெல்லத்தை வாங்கி வந்திருந்தாள். அப்படிப்பட்ட வெல்லத்தை ஒரு சுவர் குடிக்கிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எந்தப் பிள்ளை பொறுக்கும்?

முதல் வாரம் ஒரே ஒரு மடக்கு குடித்தேன். குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த வாரம் நாலு மடக்கு. அதற்கடுத்த முறை வாழைமரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சொம்பை முழுசாகக் காலி செய்தேன். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, நிறத்துக்காக அடுப்படியில் கிடந்த காப்பிச் சக்கையைக் கரைத்தேன். மாமா சொம்பை வாங்கிக் கலவையில் ஊற்றினார்.

"ஓடு குட்டி, சிமெண்ட மிதிச்சா காலு வெந்துரும்லா" என்று என் தலையைத் தட்டினார்.

அந்த வாரம் முழுவதும் கிணற்றடிக்குப் போய்ப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். இனிப்பு போட்டே உதிர்கிற சுவர், இனிப்பில்லாமல் என்ன ஆகுமோ? இந்த முறையும் கொத்தனாருக்கு அறை விழுந்தால் அது என்னால்தானே? முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டேன்.

பலகையைப் பிரித்தார்கள். சுவர் நின்றது. அதிகாரி பிரம்பால் குத்தினார், உதிரவில்லை. பூட்சுக் காலோடு மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார், அசையவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி, கொத்தனாரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த இடத்தில் அதிகாரியைத் தவிர மகிழ்ச்சியாக இருந்தது நான் ஒருத்திதான். வேலை முடிந்ததென்று ஐந்து சீட்டுகளையும் அதிகாரியே கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்.

கொத்தனார் அடுப்படி வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கிராணியம்மா, இந்தத் தடவ வெல்லம் கரைக்கலையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் அண்ணே. வெறுந்தண்ணியக் குடுத்து விட்டுட்டேன்" என்றாள் அம்மா.

பின்னால் அப்பா நின்றிருந்தார். "கூடப்பொறந்தவன மறந்துட்டியே" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. மாமா உடுத்திக்கொள்ள ஒரு சாரத்தோடும் தகரத் தட்டோடும் ஏறிப் போனார். சண்டை முடிந்தபின் ஐந்து பேரில் கொத்தனார் மட்டும் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அப்பா அதன் பிறகு அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அம்மா காலமாகி இரண்டு வருஷம் கழித்து, ஈப்போவில் என் வீட்டு முன்வாசலுக்குச் சிமெண்ட் போட ஒரு காண்ட்ராக்டரை அமர்த்தினேன். இரண்டே நாளில் முடிப்பதாகச் சொன்ன ஆள். கலவை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தேநீர்த் தட்டை வைத்தேன். அவர் ஓடி வந்து சீனி டின்னைத் தூக்கிக்கொண்டார்.

"அக்கா, இத அந்தப் பக்கம் வைங்கலா. ஒரு கை விழுந்தா போதும், சிமெண்டு இறுகவே இறுகாது."

சுண்ணாம்புக்குத்தான் வெல்லம் பலமாம், சிமெண்டுக்கு அது எமனாம். அவர் விளக்கிக்கொண்டே போனார். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கொத்தனார் வந்து கேட்டுவிட்டுப் போன அன்று, அம்மா என்னைக் கிட்டே இழுத்துத் தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். வாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் வெகு நேரம் துடைத்தாள். அடிக்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடினேன்.