சிப்பியில் பதித்த கையெழுத்து

வஹகோட்டைத் திருவிழாவில் என் கடலைக்கென்று தனிப் பேர் உண்டு. நான் கடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் ஒரு பாஸ் வந்து நிற்பார். மரவேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. சிவப்பான, மெலிந்த ஆள். பெட்ஷீட்டில் சுற்றிய கரண்ட் கிட்டாரைப் பிள்ளை மாதிரி தோளில் சாய்த்திருப்பார்.

கொழும்பில் பேர்பெற்ற ஒரு கிட்டார்காரருக்காக அவர் செய்த முதல் சாம்பிள் அது. திருவிழாவுக்கு வந்து வாங்கிக்கொள்வதாக அந்த மனிதர் சொல்லியிருந்தாராம். அவருடைய கையெழுத்தைச் சிப்பியில் வெட்டி, கிட்டாரின் தலையில் பதித்திருந்தார் பாஸ். எனக்கும் என் பேரை எழுதத் தெரியும். அந்தக் கையெழுத்து மட்டும் பிடிபடவில்லை.

வேன் வந்து நின்றால் பெட்ஷீட் முடிச்சை அவிழ்ப்பார். இறங்குவது வேறு ஆள் என்றால் மறுபடியும் கட்டிவிடுவார்.

கொழும்பில் நடந்த கலவரத்துக்குப் பிறகு கிட்டார்காரர் வெளிநாடு போய்விட்டதாகப் பேச்சு. அந்த வருஷமும் பாஸ் வந்தார்.

“ஒருக்கா வாசிங்களேன் பாஸ்.”

“மொதல்ல அவரு கைதான் படணும் அக்கா. கரண்ட் இல்லாட்டி இது ஊமை வேற.”

“ஊமைன்னா யாருக்குக் கேக்கப் போகுது?”

சிரித்துவிட்டார். என் காதை மரத்தில் வைக்கச் சொல்லி, ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். அத்தனை சனத்தின் இரைச்சலிலும் அது எனக்கு மட்டும் கேட்டது.

“அவரு வந்தா சொல்லிறாதீங்க அக்கா.”

அதற்குப் பிறகு பாஸும் வரவில்லை. எங்கே கிட்டார் வாசித்தாலும் இப்போதும் காதைச் சாய்க்கிறேன். எதுவும் அந்தச் சத்தமாக இல்லை.