வலது கண்ணில் வைத்த புள்ளிகள்

"ரொம்ப வேண்டியவங்களை எண்ணினா கணக்கு கூடுமா, குறையுமா?"

சித்தி இதைக் கேட்டபோது நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. தெரியலையே சித்தி என்றேன். சரி விடு என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தலையணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட உறை அது. அதன் பிறகு அந்த உறையை நான் அந்த வீட்டில் பார்க்கவே இல்லை.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவள் நான். சித்தப்பா இறந்ததும் அம்மா என்னை சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். தங்கைக்குத் துணையாச்சு, தனக்கும் என் தொல்லை விட்டது என்று நினைத்திருப்பாள். அங்கே போய் இருந்த பிறகுதான் சித்தியின் வேலை என்ன என்பதே எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது.

சித்திக்குக் கண் வங்கியில் வேலை. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்ணிலிருந்து கார்னியாவை எடுத்து, மருந்து ஊற்றிய சின்ன டப்பாவில் வைத்திருப்பார்கள். கார்னியா என்றால், கண்ணுக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி போல இருக்கிற பகுதி. அதன் உள்பக்கத்தில் ஒரே அடுக்காக, பாய் விரித்தது போல, தேன்கூட்டுக் கட்டங்கள் மாதிரி ஒட்டி ஒட்டி செல்கள் இருக்கும். கார்னியாவில் நீர் கோத்து மங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவைதான். அதில் ஒன்று செத்தால் செத்ததுதான், புதிதாக முளைக்காது. பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் அகன்று அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் செல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் அந்தக் கார்னியாவை அப்படியே இன்னொருவர் கண்ணில் வைப்பார்கள்.

படம் எடுத்தவுடன் மெஷினே ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கோடு போட்டுக் கணக்கைச் சொல்லிவிடும். படம் தெளிவாக இருந்தால் அது சொல்வது சரியாகவே இருக்கும் என்பாள் சித்தி. ஆனால் கார்னியா எங்காவது மடிந்திருந்தால், அந்த மடிப்பின் நிழலிலும் குட்டிக் குட்டி செல்கள் இருப்பதாக நினைத்து மெஷின் கோடு போட்டுவிடும். அப்போது ஒரு ஆள் உட்கார்ந்து அந்தப் பொய்க் கோடுகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு செல்லின் நடுவிலும் மவுஸால் ஒரு புள்ளி வைத்து எண்ண வேண்டும். இதை லேபில் "புள்ளி வைக்கிறது" என்பார்கள்.

சித்தப்பா கடை ஷட்டர்களைப் பழுது பார்ப்பவர். வேலைக்குப் போகிற வழியில் சித்தியின் சாப்பாட்டை லேபில் கொடுத்துவிட்டு, அங்கிருப்பவர்களிடம் வம்பளந்துவிட்டுத்தான் போவாராம். "செத்தவன் கண்ணையெல்லாம் உத்து உத்துப் பாக்குறா. என் மூஞ்சியைப் பாக்க மட்டும் நேரம் இல்ல. செத்துத்தான் இவகிட்ட வரணும் போல" என்பாராம். எல்லோரும் சிரிப்பார்களாம்.

சொன்னபடியே வந்துவிட்டார். ஒரு கடை வாசலில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தபோது மாரடைப்பு வந்துவிட்டது. கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது சித்திதான்.

இடது கண்ணில் ஒரு தகராறும் இல்லை. கணக்கு தாராளமாக வந்தது. அதற்கு அவள் கையெழுத்துக்கூடத் தேவைப்படவில்லை. வலது கண்தான் வம்பு. சின்ன வயதில் ஷட்டர் ஸ்பிரிங் தெறித்து அடிபட்ட கண் அது. அந்த மாதிரி சந்தேகம் உள்ள கார்னியாவை இரண்டு பேர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. புள்ளி வைக்கத் தெரிந்தவர்களோ மொத்தமே இரண்டு பேர். ஒருவர் லேபில் எல்லோரும் குட்டித்தூக்கம் என்று கூப்பிடும் அண்ணன். சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவார். இன்னொருத்தி சித்தி. வெளியே அனுப்பிப் பார்க்கச் சொன்னால் நாள் ஆகும். டப்பாவில் இருக்க இருக்க செல்கள் செத்துக்கொண்டே இருக்கும்.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, சித்தி வேலைக்குக் கிளம்பினாள். இவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

அங்கே நடந்ததைச் சித்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். திரையில் படம் திறந்திருந்தது. மெஷின் சொன்ன கணக்கு, தேவையான அளவுக்குக் கொஞ்சம் மேலே. அண்ணன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு மடிப்பு இருந்தது, அதில் குட்டிக் குட்டிக் கோடுகள். அவற்றை அவர் அழிக்கவில்லை. வேறு யார் கண்ணாக இருந்தாலும் முதல் காரியமாக அழித்திருப்பார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் மெஷின் சொல்றதையே கேட்டுட்டுப் போவோமேக்கா" என்றார். "மாமா சாப்பாடு குடுக்க வர்றப்போ எத்தனை தடவை என்கிட்ட சொல்லியிருக்காரு, என் கண்ணு வீணாப் போகக் கூடாதுடான்னு."

"இதை வச்சு, ரெண்டு வருஷத்துல அந்த ஆளுக்கு மறுபடி மங்கிப் போச்சுன்னா?"

அந்த அறையில் சித்தப்பாவைத் தெரியாதது மெஷின் ஒன்றுதான் என்று அப்போது சித்திக்குத் தோன்றியதாம்.

சித்தி உட்கார்ந்தாள். மடிப்பில் இருந்த கோடுகளை அழித்தாள். புள்ளி வைக்க ஆரம்பித்தாள். அடிபட்ட இடத்தில் செல்கள் அகலம் அகலமாக, ஒழுங்கில்லாமல் கிடந்தன. எத்தனையோ வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த கண்ணை இப்போதுதான் உள்ளிருந்து பார்க்கிறோம் என்று இருந்ததாம். முதுகுக்குப் பின்னால் வழக்கம்போல யாரோ சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைக்கிற சத்தம். அவள் திரும்பவில்லை. திரும்பினால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

கணக்கு அளவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"சரியாத்தானே செஞ்சீங்க சித்தி?" என்று கேட்டேன்.

"அதாண்டி தெரியல. வேண்டியவர்னு கூட்டிப் போட்டுடக் கூடாதுன்னு பயந்து பயந்துதான் எண்ணினேன். அந்தப் பயத்துலயே ஒண்ணு ரெண்டை விட்டிருந்தா?"

துணி மடித்த அன்று அவள் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் அவள் படுத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். கண் மூடியிருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் விரிப்பின் மேல் டக் டக் என்று குத்திக்கொண்டே இருக்கும், உதடு அசையும். நடுவில் சட்டென்று நின்றுவிடும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஜன்னலில் அடித்திருந்த கம்பி வலையை அவளே கழற்றிவிட்டாள். கொசு வருதே சித்தி என்றால், வரட்டும் என்றாள். ஒருமுறை தட்டை மேசையில் வைத்துவிட்டு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பவே மாட்டேன் என்பது போல அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து நான் தட்டைக் கையில் கொடுக்கிறேன்.

அந்தக் கண் வீணாகப் போகவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு உள் அடுக்கு நன்றாக இருக்கும், முன்பக்கம் மட்டும் தழும்பாகியோ வளைந்தோ போயிருக்கும். அவர்களுக்கு, கொடுத்த கார்னியாவின் உள் அடுக்கை உரித்துவிட்டு முன்பகுதியை மட்டும் வைத்துத் தைப்பார்கள். சித்தப்பாவின் வலது கண் அப்படித்தான் போனது. பெட்டியின் மேல் "முன் அடுக்குக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியது குட்டித்தூக்கம் அண்ணன். பெட்டியை மூடியது சித்தி.

அதனால் அவள் புள்ளி வைத்த செல்கள் இன்று எங்கேயும் இல்லை. படத்தைத் திறந்து மறுபடி எண்ணிப் பாருங்கள் என்று அண்ணனிடம் கேட்கலாமே என்றேன். "அவன் கூட்டித்தான் சொல்லுவான்" என்றாள்.

ஆனால் அவள் ஒரு நாளும் எண்ணாத முன்பகுதி யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அவர் யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நாங்கள் யார் என்று அவருக்கும் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் வலது கண்ணைச் சித்தி பார்க்கிறாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், தானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அவரைத் தேடித் தரச் சொல்லி நான் இதை எழுதவில்லை. படித்தவர்கள் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள், அவர்கள் வேறு யாரிடமாவது சொல்லட்டும். வலது கண்ணின் முன்பக்கம் மட்டும் மாற்றிக்கொண்ட ஒருவர் காதில் விழுகிற வரைக்கும் சொல்லுங்கள். விழுந்தால் அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். பஸ்ஸில் ஒரு அம்மா கண்ணையே பார்த்தால், முகத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தால் போதும்.