பாயில் படுத்துப் பார்த்தவர்

கொடகவெலப் பக்கம் எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் நான் ஆயாவாக இருந்தேன். தகரக் கூரை என்பதால் பகலில் உள்ளே வேகும். வெயில் இல்லாதபோதும் ஃபேன் ஓடிக் கரண்ட் வீணாகிறதென்று தோட்டத்தை நடத்தும் துரை அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றுமுன் கடைசி முயற்சியாக இரத்தினபுரியிலிருந்து கரண்ட் வேலை செய்யும் ஒருவரை வரவழைத்தார்கள்.

ஒல்லியான மனிதர். காய்ச்சல் பார்ப்பதுபோல் சுவரில் புறங்கையை வைத்து வைத்துப் பார்ப்பார். ஆள் அசைந்தால் ஃபேனை ஓடவிட்டு, அசைவில்லையென்றால் நிறுத்திவிடும் ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் பொருத்தினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“தம்பி, புள்ளைங்க தூங்கிட்டா அசையாதுங்களே. ஆளில்லன்னு நிப்பாட்டிறாதா?”

“அப்புடியெல்லாம் ஆகாதுக்கா” என்றவர் அதோடு விடவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவே பாயில் படுத்துக் கண்ணை மூடினார். நானும் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது.

“அடப்பாவி, என்னயவே பொணமுன்னு முடிவு பண்ணிருச்சே” என்று சிரித்தபடி எழுந்தார். அதைக் கழற்றிவிட்டு, சூடு ஏறினால் ஓடி, தணிந்தால் நிற்கும் வேறொரு பெட்டியை மாட்டினார்.

கூரையில் வெயில் ஏறியது. யாரும் தொடாமலே ஃபேன் சுற்றத் தொடங்கியது. ஒரு பிள்ளைகூட எழும்பவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மாலையில் குளிர்ந்ததும் அது தானாக நின்றதைப் பார்த்த துரை, “சரி, இருக்கட்டும்” என்றார்.

பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிற, எட்டாம் வகுப்போடு நின்ற ஒருத்தியின் பயத்தைப் பாயில் படுத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.