ஐஸில் இருந்த என் கிட்னி

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அன்று இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர். என் அம்மா. தம்பி பொண்டாட்டி செல்வி. ஸ்ட்ரெச்சரில் தம்பி ஏழுமலை. அடுத்த ஸ்ட்ரெச்சரில் நான்.

எனக்குக் கீழ்பென்னாத்தூர். மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறோம். தம்பிக்கு அடி அண்ணாமலையில் தேங்காய் பழக் கடை. எண்பதுகளின் நடுவில் அவனுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்வது) நாலு மாதம் ஓடியது. கையில் ஊசி போட இடமில்லை. என் கிட்னி சேரும் என்று தெரிந்தது.

எடுத்த பிறகு அது எங்கே இருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். கொடுக்கப் போகிறவர்கள் நீங்களும் கேளுங்கள்.

"ஐஸ்ல வெப்போம்மா. சில்லுனு மருந்துத் தண்ணி உள்ள விட்டு ரத்தத்தக் கழுவிடுவோம். வெளுத்துடும். வெளிநாட்டுல பம்ப் மெஷின்ல ஒரு நாளுக்கு மேலயே வெக்கிறாங்க. இங்க அது இல்ல."

"ஐஸ் கரைஞ்சிட்டா?"

"வேற போடுவோம். நேரம் ஜாஸ்தி ஆனாதான் கஷ்டம்."

அதன்பின் கத்திக்குப் பயப்படவில்லை. அது வெளியே கிடக்கும் நேரத்துக்குத்தான் பயந்தேன்.

அன்று காலை அம்மா முதல் பஸ்ஸில் கோயில் துன்னூறோடு வந்தாள். இருவருக்கும் நெற்றியில் பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டாள். எங்கள் பக்கம் அப்படித்தான். எனக்குத் துன்னூறு தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டேன். தம்பி குடிக்கவில்லை. அவனுக்குத் தண்ணீர் அளவுதான்.

ஏதாவது சாப்பிட்டாயா, குடித்தாயா என்று வாசலில் மயக்க டாக்டரம்மா கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"எவ்ளோ குடிச்சே?"

"அர டம்ளர்."

"சாமி துன்னூறுக்குத்தாம்மா குடிச்சா," என்றாள் அம்மா.

"எதுக்குக் குடிச்சாலும் மயக்கத்துல மேல வந்து நுரையீரல்ல பூந்துடும்."

"ரெண்டு இட்லியும் ஊட்டியிருக்கலாம்ல அத்த," என்றார் என் வீட்டுக்காரர்.

நாலு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். தம்பிக்கு மூச்சு வாங்கியது.

"யக்கா, மனசு மாறிட்டியா?"

"தண்ணிதான்டா குடிச்சேன்."

அவன் என் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

கண் விழித்தபோது விலாவில் வலி. செல்வி குனிந்து, "அவருக்கு மூத்திரம் வந்துடுச்சிக்கா. பாட்டில் ரொம்புது," என்றாள்.

தம்பி இப்போது கடையில் உட்காருகிறான். எனக்கு இடது பக்கம் ஒருக்களித்தால் அங்கே யாரோ எழுந்து போன மாதிரி இருக்கிறது. சோறு வேகும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், எதுவும் முன்போல் சும்மா போவதில்லை. என்னிடமும் இல்லாமல் அவனிடமும் இல்லாமல் அது இருந்த நேரம் எவ்வளவு என்று, தையல் பிரித்த நர்ஸிடம் கேட்டேன். சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

ஐம்பத்திரண்டு நிமிஷம்.