எல்லை வரப்பில் எண்ணெய் எடுத்தவர்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. கமலவேணி அக்கா போனில் அழவில்லை. முட்டை எண்ணும்போது பேசுவாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

"மோகனூர்ல போர் ஓட்டிட்டிருந்தாராமா. டீ வாங்கியாறச் சொல்லிப்போட்டு சேர்ல உக்காந்தாராமா. டீ வந்தப்ப ஆளு இல்லீங்கறாங்க சாமி."

கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னாராமா. ஒப்பந்தத்தக் கிழிச்சுப் போடோணும்னாராமா."

"எந்த ஒப்பந்தம்?"

"எந்த நாட்டு ஒப்பந்தமோ! பேப்பர் படிச்சிருக்காரு."

மாதேஸ்வரன் மாமா, என் அக்கா வீட்டுக்காரர், இப்படித்தான் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சிரித்துவிட்டு, இடத்தை உணர்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் சிரித்த காரணத்தையாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவுக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம் பக்கம். அங்கெல்லாம் மீசை முளைத்ததும் பையன்களை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மாமா சமையல்காரராக ஏறினார். அவர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்ட பிறகு, இவன் போர் போடவாவது கற்றுக்கொள்ளட்டும் என்று முதலாளியே துளையிடும் வேலைக்கு மாற்றினார். சில வருஷங்களில் அந்த ரிக்கோடு கப்பலேறி ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போனார். நாட்டின் பெயரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். அங்கே ஒரு வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனியின் முகாமுக்குத் தண்ணீர்க் கிணறு போடுவது வேலை. வேலிக்கு இந்தப் பக்கம் இவர் தண்ணீர் எடுத்தார். அந்தப் பக்கம் கம்பெனி எண்ணெய் எடுத்தது. வாசலில் காவல் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர் மாமாவுக்குச் சிநேகிதமானார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் அந்த நாட்டின் எண்ணெய் ஒப்பந்தம் முழுவதையும் அவர் கைச் சைகையாலேயே விளக்கிவிட்டாராம்.

அதை மாமா எனக்கு விளக்கியது இப்படி:

"மொதல்ல செலவையெல்லாம் கம்பெனிக்காரன் கழிச்சுக்குவான் மாப்ளே. மிச்சம் இருந்தாத்தான் நாட்டுக்குப் பங்கு. செலவுல என்னென்ன எழுதுவான் தெரியுமா? மானேசர் நாய்க்கு வாங்கின பிஸ்கட்டு! நாய் தின்னது போக மிச்சந்தான் ஒரு நாட்டுக்கு. அவனுக மண்ணு, அவனுக எண்ணெய்!"

பிறகு ஒரு வருஷம் அந்த நாட்டு அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்துசெய்து, எண்ணெய் வயலைத் தானே எடுத்துக்கொண்டது. முகாமில் புதுக் கொடி ஏறியது. வாசல் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். காவல்காரர் மாமாவைக் கட்டிப்பிடித்து ஆடினாராம். கொஞ்ச நாளில் பம்புகள் பழுதாகின. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் பழைய கம்பெனியில் இருந்தவர்கள். அதே மானேசரை ஆலோசகர் என்று சொல்லி, இன்னும் பெரிய சம்பளத்துக்குத் திரும்ப அழைத்தார்கள்.

"நாயும் கூடவே வந்துருச்சு" என்பார் மாமா.

அப்புறம் என்ன பிரயோஜனம் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படிக் கேக்காதே மாப்ளே. முன்னெல்லாம் நாய் தின்னது போக மிச்சம் நாட்டுக்கு. இப்ப நாடு பாத்துப் போட்டாத்தான் நாய்க்கு. ரெண்டும் ஒண்ணாயிருமா?"

ஊருக்குத் திரும்பி ஒரு பழைய ரிக் வாங்கிய பிறகும் அந்த ஒப்பந்தம் அவரை விடவில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு வரி கேட்டு வந்தவர்களிடம் செலவுப் பட்டியலில் நாய் பிஸ்கட் இருக்கிறதா என்று விசாரித்தார். என் கல்யாணத்தில் போட்டோ எடுக்க வந்தவரை ஓரமாக அழைத்துப் போய், படங்கள் யாருடைய இயற்கை வளம் என்று கேட்டார். அந்த ஆள் பாதி முகூர்த்தத்தை எடுக்காமல் விட்டுவிட்டார்.

இனி போன சித்திரையில் நடந்தது.

அக்காவுக்குக் கோழிப்பண்ணை. மாமா ரிக்கோடு ஊர் ஊராகச் சுற்ற, வீட்டை நிறுத்தியது அந்தக் கோழிகள்தான். அந்த வெயிலில் பண்ணையின் போர் வற்றிவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் கோயில் விசேஷம் என்று தண்ணீர் லாரிக்காரர் வரமுடியாது என்றுவிட்டார். மேல்தொட்டியில் அடிமட்டத்துக்குக் கொஞ்சம்தான் மிச்சம். கோழிகள் அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் கூண்டு கூண்டாகச் சரியும். அக்கா ஈரச் சாக்கை வலையில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தண்ணி எடுக்கறீங்க. என்ற கோழிக்கு எடுத்துத் தாங்க பாக்கலாம்."

மாமா தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வயற்காட்டில் நடந்தார். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். எங்கள் பக்கம் இதில் சந்தேகப்படுகிறவன்தான் சந்தேகத்துக்குரியவன். மற்ற இடமெல்லாம் படுத்தே கிடந்த தேங்காய், மாமாவுடைய காட்டுக்கும் அவர் பங்காளி செங்கோடனுடைய காட்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பில் போய் ஜம்மென்று எழுந்து நின்றது.

செங்கோடன் எடப்பாடியில் தறிப்பட்டறை வைத்திருப்பவர். மாமாவை நக்கலடிக்க மட்டும் வாரம் தவறாமல் ஊருக்கு வருவார்.

"தேங்காய்க்கும் பங்காளிச் சண்டை வேணுமாட்டிருக்குது" என்றார். தண்ணீர் ஆளுக்குப் பாதி என்று பேசிமுடித்தார்கள். பூசை போட்டு, கற்பூரம் காட்டி, ரிக்கை நிறுத்தினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன்.

மதியம்வரை புழுதிதான் பறந்தது. அப்புறம் ஈரச் சேறு வந்தது. கசிவாகத் தண்ணீர் வர ஆரம்பித்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தத் தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ மினுமினுத்தது. மாமா குனிந்து தொட்டார். விரல்களைத் தேய்த்தார். வழவழத்தது.

"நிறுத்துங்கடா ரிக்கை!"

இயந்திரம் நின்றது. எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் கண்ணில் நீர்.

"எண்ணெய்" என்றார்.

இது கருங்கல் பூமி, இந்தப் பாறைக்குள் எண்ணெய் இருக்க வழியில்லை என்றேன்.

"காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? காலேஜ்க்காரன் எத்தன போர் போட்டிருக்கான்?"

நான் நிழலுக்குப் போய்விட்டேன்.

அரைமணி நேரத்தில் ஊரே வரப்பில் நின்றது. மாமா போரைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார். முட்டை அட்டையின் பின்பக்கத்தில் 'பொதுச் சொத்து' என்று எழுதி மாட்டினார்.

"யாருக்குப் பொது?" என்றார் செங்கோடன்.

"நாட்டுக்கு. அடியில இருக்கறது சர்க்காருக்குச் சொந்தம் பங்காளி. அதுதான் ஞாயம்."

"அப்ப மேல போன் போட்டுச் சொல்லீரலாமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "சித்த இரு. மொதல்ல நாம ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்குவோம். அப்புறம் நாட்டுக்குச் சொல்லலாம்."

"ஏனுங்க" என்று அக்கா வலைக்கு வெளியே இருந்து கூப்பிட்டாள். "ஆப்பிரிக்காவுல நாட்டுக்குன்னீங்க, இங்க ஊட்டுக்குங்கறீங்க. அது கெடக்கட்டும். ரிக்கை ஓட்டுங்க, கோழி இரைக்குது."

"மேல ஓட்டினா எண்ணெய் மடை ஒடஞ்சு போகும் கமலா. வெவரம் தெரியாமப் பேசாத."

"கோழி பெட்ரோல் குடிக்குமுங்களா?"

இதற்குள் செங்கோடன் வெளிநாட்டுக் கம்பெனியைப் பிடித்துவிட்டார். கம்பெனி என்றால் அவருடைய மச்சினன் மகன் யோகேஷ். வளைகுடாவில் ஒரு எண்ணெய் முகாமுக்குச் சாப்பாடு போடும் நிறுவனத்தில் ஸ்டோர் பார்க்கிறவன். வீடியோ காலில் வந்தான். பின்னால் அடுக்கடுக்காக முட்டை அட்டைகள் தெரிந்தன.

"அது நம்ம நாமக்கல் முட்டைதானே?" என்று மாமா ஆரம்பித்தார். "நம்ம முட்டையத் தின்னு தெம்பாயிட்டு, நம்ம எண்ணெயவே எடுக்க வாரானா உங்க கம்பெனிக்காரன்? சரி. செலவுல என்னென்ன எழுதுவீங்க?"

"எனக்கென்னங் மாமா தெரியும்? நான் முட்டை எண்றவனுங்க."

"பாத்தீங்களா, கேட்டாத் தெரியாதுங்கறான்! அங்கயும் இதேதான் சொன்னானுக. மானேசருகிட்ட நாய் இருக்குதா?"

"பூனை இருக்குதுங்."

"அது போதும்" என்று மாமா போனைக் கட் செய்தார். வெளிநாட்டுக் கம்பெனியோடு நடந்த பேச்சுவார்த்தை அத்தோடு முறிந்தது.

பிறகு உள்நாட்டு ஒப்பந்தம். இன்னொரு முட்டை அட்டையில் மாமா தன் கைப்பட எழுதி செங்கோடனிடம் கொடுத்தார். செங்கோடன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி படித்தார். 'போர் போட்டவரின் செலவு முதலில் கழிக்கப்படும். மீதியில் பங்கு. செலவாவது: டீசல், துளையிடும் பிட் தேய்மானம், ஆள் கூலி, ஆட்களுக்கு டீ, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி.'

செங்கோடன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏண்டா மாதேசா, பிரியாணி எதுக்குடா செலவுல?"

"ஆளுக திங்கறாங்கல்ல?"

"நாய் பிஸ்கட்டும் நாய் திங்கறதுதானேடா? போர் போட்ட எடத்துல பாதி என்றது. ரிக்கு உன்றது, செலவு உன்றது, கழிச்சுக்கறது நீயி, மிச்சம் எனக்கு. அப்ப இந்த ஊருக்கு வெளிநாட்டுக் கம்பெனி நீதாண்டா!"

கூட்டம் ஓவென்று கத்தியது. மாமா அட்டையை வாங்கித் திரும்பப் படித்தார். உதடு அசைந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையெழுத்தில் அந்த மானேசர் எழுதியிருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிரியாணியை அடித்தார். கொஞ்சம் பொறுத்து டீயையும் அடித்தார்.

அப்போது அக்கா வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் செத்த கோழி ஒன்று, காலைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

"இதையும் செலவுல எழுதிக்கங்க. இன்னும் ரெண்டு மூணு தலைய ஆட்டிட்டு நிக்குது."

அக்கா போர் ஓரத்தில் குனிந்தாள். அந்த மினுமினுக்கும் தண்ணீரை ஒரு கை அள்ளி மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். பிறகு, அத்தனை பேருக்கு முன்னால், மாமாவின் சட்டைத் தோளைப் பிடித்து இழுத்து மோந்தாள்.

"ஏனுங்க, இது உங்க சட்டை வாசமுங்க."

"என்ன?"

"கல்யாணமான நாள்ல இருந்து தொவைக்கறேன். எனக்குத் தெரியாதா? இது பூமியில இருந்து வரல. உங்க கம்ப்ரசர்ல இருந்து வருது."

டீசல் புகையிலேயே நின்று நின்று மாமாவின் மூக்கு எப்போதோ செத்துவிட்டிருந்தது. பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்தாலும் தெரியாது. அவர் ரிக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரிடம் போனார். காற்றில் கலந்த எண்ணெயைப் பிரித்து நிறுத்துகிற வடிகட்டி ஒன்று அதற்குள் உண்டு. அது கிழிந்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து குழாய் வழியே போருக்குள் இறங்கி, தண்ணீரோடு மேலே வரும். வடிகட்டியை மாற்றச் சொல்லி பொங்கலிலிருந்தே ரிக் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடியில் அடியில் ஒரு கோடு மட்டும் இருந்தது. தன் எண்ணெயைத் தானே பூமிக்குள் ஊற்றி, தானே கண்டுபிடித்து, நாட்டுக்குச் சொல்லும் முன்பே அதற்குத் தானே ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்.

செங்கோடன் ஒரு பெரிய நக்கலுக்கு வாயைத் திறந்தார். கோழியைப் பிடித்திருந்த அக்காவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"எண்ணெய ஊத்தி ரிக்கை ஓட்டுங்கடா" என்றார் மாமா. "கோழிக்குத் தண்ணி வேணும்."

பொழுது சாய்வதற்கு முன்பே நல்ல ஊற்று அடித்தது. மோட்டாரை இறக்கி, எண்ணெய் வாடை போகும்வரை தண்ணீரைப் பள்ளத்தில் விட்டார்கள். போதுமா போதுமா என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்க, அக்கா மோந்து மோந்து பார்த்து, போதும் என்று சொன்ன பிறகுதான் தொட்டிக்கு ஏற்றினார்கள். கூண்டுகளுக்குத் தண்ணீர் ஓடியதும் அத்தனை கோழிகளும் ஒரே நேரத்தில் அமைதியாகின. அன்று செத்த கோழிகளை மாமாவே குழி வெட்டிப் புதைத்தார். மறுநாள் செங்கோடன் காட்டுக்கும் குழாய் இழுத்துக் கொடுத்தார். செலவு எதையும் கழிக்கவில்லை.

அதிலிருந்து ஊரில் அவருக்கு ஷேக் என்று பெயர். டீக்கடையில் "ஷேக்கு, பீப்பாய் என்ன வெலைங்க?" என்பார்கள். "செலவு போகவா, செலவோடயா?" என்று திருப்பிக் கேட்பார். கோபித்துக்கொண்டதே இல்லை. ஆனால் பேப்பரில் எந்த நாட்டு எண்ணெய் ஒப்பந்தம் வந்தாலும் கடைசி வரிவரை படித்தார்.

அடுத்த வாரமே திருச்செங்கோடு போய்ப் புது வடிகட்டி வாங்கி வந்தார். "ஞாயித்துக்கெழம மாட்டீர்றேன் கமலா" என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது யாருக்காவது அவசரமாகத் தண்ணீர் தேவைப்பட்டது.

நேற்று ரிக் மோகனூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தது. வண்டியை நிறுத்திய ரிக் ஆள் சின்னான், புது வடிகட்டியை இப்பவே மாட்டிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். அக்கா கம்ப்ரசரின் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து மோந்தாள்.

"இருக்கட்டுங் சாமி. அப்புறம் பாத்துக்கலாம்."

வடிகட்டி தீவன அறையில் இருக்கிறது. பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.