களிமண்ணில் படுத்திருந்த பதினோரு சில்லுகள்

டெல்ஃபினோ அர்ரெடோண்டோவின் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு பழைய குறிப்பேட்டின் ஓரத்தில். படிப்பை முடித்து, மத்திய டெக்சஸில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் சேர்ந்த முதல் மாதம் அது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், எந்த வேலை கொடுத்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் செய்தேன். அந்த மாதம் கொடுத்தது, 1984இல் ஹாக்பெர்ரி ஓடைக்கரையில் நடந்த அகழாய்வின் தாள்களை அடுக்கும் வேலை. அவற்றோடு இருந்த குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இரண்டு வரி: "களிமண்ணிலும் சில்லு இருக்கிறது என்கிறார் பொக்லைன்காரர் டெல்ஃபினோ. வெடிப்பில் விழுந்தவை."

அவர் வீடு இருபது மைல் தள்ளித்தான். சனிக்கிழமை போனேன். வந்த காரணத்தைக் கேட்டவர், உள்ளே போய் ஒரு காப்பி டப்பாவை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதற்குள் பதினோரு கல் சில்லுகள்.

டெல்ஃபினோ அந்த வட்டாரத்தில் செப்டிக் டேங்க் குழியும் மாட்டுக் குட்டையும் வெட்டுகிறவர். ஆறடியில் பாறை என்று அவர் சொன்னால் ஆறடியில் பாறை இருக்கும். அதை நம்பித்தான் ஆட்கள் வீடு கட்டினார்கள். அந்தத் தொழிலில் அவர் வைத்திருந்த ஒரே முதல் அந்தச் சொல்தான். பேராசிரியர் விட்காம் ஓடைக்கரையைத் தோண்ட வந்தபோது, மேல்மண்ணை வழித்துக் கொடுக்கவும், கோடை முடிந்ததும் குழியை மூடவும் அவரைத்தான் கூப்பிட்டார். மூன்று கோடை அங்கே வேலை.

அந்தக் காலத்தில் தோண்டுகிறவர்களுக்கு ஒரு கோடு இருந்தது. அடிப்பக்கம் பள்ளம் விட்டுச் செதுக்கிய நீண்ட ஈட்டி முனைகளை வைத்துப் பெரிய யானைகளை வேட்டையாடியவர்களே இந்தக் கண்டத்தில் முதலில் கால் வைத்தவர்கள், அது பதின்மூவாயிரம் வருடத்துக்கு முன்பு என்று எல்லாப் புத்தகமும் சொல்லியது. அந்த முனை கிடைத்த மண்ணடுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்பதால் யாரும் தோண்டவில்லை. யாரும் தோண்டாததால் ஒன்றும் கிடைக்கவுமில்லை. கடைசி நாளில் மாட்டிறைச்சி வாட்டி, பீர் குடித்து, அந்த வருடத்துக் காசு ஒன்றைக் குழியின் தரையில் வைத்து, தார்ப்பாய் விரித்து மூடிவிடுவார்கள். பின்னால் தோண்ட வருகிறவர்களுக்கு, நாங்கள் இதுவரை வந்தோம் என்று சொல்வதற்காக அந்தக் காசு.

1984 ஆகஸ்டில் இரண்டு ஈட்டி முனைகள் கிடைத்தன. எல்லோருக்கும் சந்தோஷம். கடைசி நாளுக்கு முந்தின நாள் பெய்த மழையில் குழியில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதை வடித்து இறைக்கத் தெற்கு மூலையில் இரண்டடி ஆழம் வெட்டச் சொன்னார் விட்காம். மூன்றாவது அள்ளலில், முனைகள் கிடைத்த அடுக்குக்கும் கீழே, வெட்டுப்பட்ட மஞ்சள் களிமண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு வரிசை தெரிந்தது. டெல்ஃபினோ இறங்கிப் பார்த்தார். மனிதர்கள் கல்லில் ஆயுதம் செதுக்கும்போது தெறிக்கிற சில்லுகள், ஓரம் மழுங்காமல் இருந்தன. பேனாக் கத்தியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விட்காமின் மேசைக்கு நடந்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. படம் வரைந்து அளவெடுக்கும் முன்பு ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் சட்டம். மூன்று கோடையாகக் கேட்டிருக்கிறார். ஆனால் சட்டமெல்லாம் நூல் கட்டி அளந்து தோண்டுகிற கட்டங்களுக்கு. இது தண்ணீர் வடிகிற பள்ளம். உருளைக்கிழங்கு பொறுக்குகிற மாதிரி கை பாட்டுக்குப் பொறுக்கிவிட்டது என்றார் என்னிடம்.

விட்காம் ஒரு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மேல இருந்து விழுந்தது, டெல்ஃபினோ. வெயில்ல இந்த மண்ணு பாளம் பாளமா வெடிக்குதில்ல, அதுல சரிஞ்சிருக்கும்."

"விழுந்தது செங்குத்தா நிக்கும், டாக்டர். எங்க வீட்டுக்காரி மோதிரம் வெடிப்புல விழுந்து மூணடி தோண்டி எடுத்தேன். உண்டியல்ல காசு சிக்கின மாதிரி நின்னுது. இது அத்தனையும் தரையில செதறின மாதிரி படுத்துக் கெடந்துச்சு."

"படுத்துக் கெடந்ததை யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"அதுதான் சிக்கல். இப்ப அது உங்க சட்டைப்பையில இருக்கு."

விட்காம் மோசமான ஆள் இல்லை. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, கையில் ஆளும் இல்லை. பென்சிலை எடுத்து அந்த இரண்டு வரியை எழுதினார். மறுநாள் சாயங்காலத்துக்குள் குழியை மூடச் சொன்னார். டெல்ஃபினோ வாதாடவில்லை. பாதைக்குக் கொட்டி வைத்திருந்த ஓடைமணலில் ஒரு அள்ளலை அந்தத் தெற்கு மூலையில் மட்டும் போட்டார். அதற்கு அடியில், தன் பையிலிருந்த கால் டாலர் காசு ஒன்றை வைத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் மூடினார்.

விஷயம் ஊருக்குள் கசிந்தது. காப்பிக்கடைக்குள் நுழைந்தால் "வாங்க புரொபசர்" என்றார்கள். யார் வீட்டுக்காவது குழி வெட்டினால், "பாத்து வெட்டுப்பா, கீழ யாராச்சும் குடியிருக்கப் போறாங்க" என்று சீண்டினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் இந்தக் கண்டத்துக்கு முதலில் வந்தவன் யார் என்பதல்ல அவரைக் குடைந்தது. மண்ணைப் பார்த்து அவர் சொன்ன ஒன்று பொய் என்று தாளில் ஏறியிருக்கிறதே, அதுதான் குடைந்தது. மனைவி ஒஃபிலியாவுக்கு அலுத்துப்போனது. "ஒண்ணு அந்த டப்பாவைத் தூக்கிப் போடு கிழவா, இல்ல அதை உருட்டுறதை நிறுத்து," என்பாள். இரண்டும் நடக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் போனது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் அந்தப் பக்கத்தின் நகலோடு காப்பி டப்பாவின் கதையையும் எழுதி, லின் ஹசெகாவா என்ற ஆய்வாளருக்கு அனுப்பினேன். அதற்குள் வேறு இடங்களில் கிடைத்தவை அந்தப் பழைய கோட்டை ஆட்டிவிட்டிருந்தன. 2006 ஜூனில் அவர் குழுவோடு வந்தார். பொக்லைன் ஓட்ட டெல்ஃபினோவையே கேட்டார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து.

பழைய குழியைக் கண்டுபிடிக்க, பெக்கான் மரத்தை ஒரு பார்வை, வேலிக்கம்பத்தை ஒரு பார்வை, அவ்வளவுதான் அவருடைய அளவு. விட்காமின் தார்ப்பாய் வந்தது. மூலையில் வெளிறிய மணல் தெரிந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். மணலைக் கையால் அள்ளினார்கள். கால் டாலர் இருந்தது. அங்கிருந்து பள்ளத்தின் பக்கச் சுவரைக் கொத்துக்கரண்டியால் அங்குலம் அங்குலமாகச் சீவினார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. டெல்ஃபினோ சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் விளிம்பில் நின்றார். இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு ஹசெகாவாவின் கரண்டி நின்றது.

"டெல்ஃபினோ, வந்து பாருங்க."

அவர் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு குனிந்தார். கை பழைய வேலையைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக.

"நிக்குதா?" என்று கேட்டார்.

"படுத்திருக்கு. பக்கத்துலயும் ஒண்ணு. அதுவும் அப்படித்தான்."

தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

அந்தக் கோடையில் முந்நூற்றுச் சொச்சம் சில்லுகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே படுத்துக் கிடந்தவை. வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயில் மண்ணெடுத்து, அதிலுள்ள மணல் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று கணக்கிட்டதில், பதினையாயிரத்து ஐந்நூறு வருடம் என்று வந்தது. ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றுவிட்ட விட்காம் கடைசி வாரம் வந்து, விளிம்பில் நின்று அந்தச் சுவரைப் பார்த்தார்.

"எழுதியாவது வச்சேன்," என்றார்.

"அதனாலதான் இவங்க வந்தாங்க, டாக்டர்," என்றார் டெல்ஃபினோ.

அந்தப் பதினோரு சில்லுகள் மட்டும் கணக்கில் சேரவில்லை. எங்கிருந்து வந்தவை என்பதற்கு டெல்ஃபினோவின் வாய்ச்சொல்லைத் தவிர அத்தாட்சி இல்லை. ஹசெகாவா வருத்தத்தோடு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். டெல்ஃபினோ அதை எதிர்பார்த்ததுதான். பொறுக்கினது நான்தானே என்றார்.

இப்போது அவருக்கு எண்பத்தொன்று. பொக்லைனை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். முழங்கால் வலிக்கிறது. ஒஃபிலியாவோடு அதே வீட்டில் இருக்கிறார். காப்பிக்கடையில் இன்னும் புரொபசர்தான். ஹசெகாவா வெளியிட்ட அகழாய்வு அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், சில்லுகள் படுத்திருந்ததை முதலில் பார்த்துச் சொன்னவர் என்று அவர் பெயர் இருக்கிறது. டப்பா குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது.