கையுறைக்குள் இருந்த கை

கண்டியில் சாவு வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெரிய ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் நூலில் கோர்த்த சின்ன வெள்ளைக் கொடிகளைக் கட்டிவிடுகிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். நான் இங்கே வந்த புதிதில், நாங்கள் குடியிருந்த மஹய்யாவவில் ஒரு சந்து முழுக்க அப்படிக் கொடிகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலில் திருவிழா?" என்று என் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டேன். எங்கள் ஊரில் கொடி என்றால் மாதா கோயில் கொடியேற்றம்தான். அவள் அந்தச் சந்து முனையிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாவு வீட்டுப் பக்கம் நின்று சிரிக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாகி, என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடலுக்குப் போக உடம்பு ஒத்துழைக்கவில்லை, சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் பழகினேன். மண்டபம் அகதி முகாமில் வெள்ளையடிக்கப் போன இடத்தில்தான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் பிறந்தது கண்டிக்கு மேலே மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில். கலவரத்துக்குப் பயந்து அவள் குடும்பம் வவுனியா போய், அங்கிருந்து படகேறி இந்தியா வந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள், ஜெசிந்தா. இரண்டு வயது நிறைவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த மணலில் அவளை அடக்கம் செய்தோம். சண்டை ஓய்ந்து முகாமிலிருந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, "எனக்கு இந்தக் கடல் சத்தம் கேட்கமுடியலங்க. கண்டியில எங்க அக்காகிட்ட போயிருவோம்" என்றாள். அப்படித்தான் நான் இந்த மலைக்கு வந்தேன். அவளுக்கு அது ஊர் திரும்புதல். எனக்கு வேறு நாடு.

வேறு நாடு என்றால் எல்லாமே வேறு என்றில்லை. மொழி பாதி நம்முடையதுதான். ஆனாலும் நாற்காலி இங்கே கதிரை. பால் இல்லாத தேநீர் பிளேன்டீ. பெயின்ட் அடிப்பவனை 'பாஸ்' என்று கூப்பிடுகிறார்கள். நான் 'இந்தியா பாஸ்'. சுவர்கூட இங்கே வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எங்கள் ஊரில் உப்புக் காற்று சுண்ணாம்பை மாவாக உதிர்க்கும். இங்கே கிறிஸ்மஸுக்கு அடித்த வெள்ளைச் சுவரில் அடுத்த மழைக்குள் பச்சையாகப் பாசி ஏறிவிடுகிறது. காலையில் மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும். எதிர்வீடு இருக்காது, ரோடு இருக்காது. அதற்குள்ளிருந்து பாண் என்று இங்கே சொல்லும் பேக்கரி ரொட்டி விற்பவரின் வண்டிப் பாட்டு மட்டும் வரும். அந்த நேரத்தில் நான் எந்த ஊரில் எழுந்திருக்கிறேன் என்று சற்று நேரம் பிடிபடாது. அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் ரொட்டிக்கு மாவு பிசையும் சத்தம் கேட்டதும் ஊர் தெளிந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்து மறுநாளே அடக்கம் செய்துவிடுவோம். இங்கே அவசரமே இல்லை. சவ அடக்கக்காரர்கள் உடலை எடுத்துப்போய் மருந்தேற்றி, உடுத்தி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருகிறார்கள். வீடு இரண்டு மூன்று நாள் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது அவள் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்தாள். காலில் வெள்ளைக் காலுறை. இரண்டு கைகளிலும் வெள்ளைக் கையுறை. அந்தக் கைகளில் செபமாலை.

என் கண் அந்தக் கையுறையிலேயே நின்றுவிட்டது. அவளுடைய வலது ஆள்காட்டி விரல் சிறு வயதில் கதவில் நசுங்கி, நுனியில் வளைந்திருக்கும். ஜெசிந்தா அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். காய்ச்சலில் கிடந்தபோதும் அதைத்தான் பிடித்திருந்தாள். கையுறைக்குள் பஞ்சு ஏதோ வைத்திருந்தார்கள் போல, எல்லா விரல்களும் நேராக இருந்தன. யாரோ ஒருத்தியின் கை.

பெட்டியோடு வந்த சிங்களப் பையன் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் அவனிடம் கையுறையைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது சிங்களம் சுத்தமாக வராது. ஆட்களுக்கு முன்னால் தமிழே வராது. அவன் முகம் வாடிவிட்டது. ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டான், ஓடிப்போய் வண்டியிலிருந்து வேறு ஒரு சோடி கொண்டுவந்தான். லேஸ் வைத்தது, விலை கூடியது. முதுகை எனக்குக் காட்டிக் குனிந்து, முன்னதைக் கழற்றி இதைப் போட்டுவிட்டான். "ஹொந்தய் நேத?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறதல்லவா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரே சிங்கள வார்த்தையான ஸ்துதியைச் சொன்னேன். அவர்களுக்கு அது நன்றி, நமக்கு அது ஆண்டவருக்குச் சொல்லும் புகழ்ச்சி. நான் அன்று இரண்டாகவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. ஸ்டெல்லா ரொட்டிக்கு மாவு பிசைகிறாள், கையுறையோடு. மாவு ஒட்டுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்று, கழற்று என்கிறேன். அவளுக்குக் கேட்கவில்லை, கடல் சத்தமாக இருக்கிறது.

ஊரிலிருந்து தம்பி சேவியர் வாரம் தவறாமல் கூப்பிட்டான். "அங்கன ஒனக்கு யாருண்ணே இருக்கா? மதினியும் போயாச்சு. பேசாம வந்துரு. புள்ள இங்கன தனியா கெடக்கா" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. இங்கே தங்குவதற்கான விசாவே அவளை வைத்துத்தான் கிடைத்தது. இனி அது கிடைக்குமோ கிடைக்காதோ. வந்துவிடுகிறேன் என்று சொல்லியும்விட்டேன். ஆனால் மலையடிவாரத்துச் சிவப்பு மண்ணில் அவளை விட்டுவிட்டுப் போவதை நினைத்தால் கால் நகரவில்லை. எங்கள் வீட்டுச் செபத்துக்கு வந்த பாதர், "ஆண்டவர் ஒவ்வொருவரையும் ஒரு நோக்கத்துக்காக வைத்திருக்கிறார்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பாசி பிடிக்கப்போகும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவனுக்கு என்ன நோக்கம்? மகளையும் எடுத்து, அவளையும் எடுத்து, என்னை மட்டும் எதற்கு மிச்சம் வைத்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.  கேட்பதை நிறுத்த முடியவில்லை.

அந்த நாட்களில் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தவர் என் சகலை அந்தோனி. ஸ்டெல்லாவின் அக்கா கணவர். மஹய்யாவவில் மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளும் கூடாரமும் தேநீர்க் கேத்தலும் அவர் பொறுப்பு. தமிழர், சிங்களவர் என்று பார்க்காமல் எல்லோரும் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். "சகல, வீட்ல குந்திக்கிட்டு சுவத்த பாக்காதீங்க. அது நீங்க அடிச்ச சுவரு தானே, புதுசா என்னா தெரியப்போகுது? வாங்க, கதிரை தூக்குவோம்" என்றார். கதிரை தூக்கப் பேச்சு தேவையில்லை. போனேன்.

ஒரு நாள் பின்வீட்டுச் சிங்களப் பெண் குசுமாவின் கணவர் இறந்துபோனார். முச்சக்கர வண்டி ஓட்டியவர். காலையில் என்னைக் கண்டால் ஹார்ன் அடித்து, "இந்தியா பாஸ்!" என்று கத்துவார். மகள் துபாயில் வேலை செய்தாள். மறுநாள் மத்தியானம் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து இறங்கினாள். நான் கதிரைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. பெட்டியருகே நின்று அப்பாவின் கையுறையைத் தொட்டாள். திருப்பித் தொட்டாள். உள்ளே விரல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி அமுக்கிப் பார்த்தாள். அந்தத் தேடலை நான் அறிவேன்.

என் கால் எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை. "துவ, அத்த பலன்ன ஓனத?" என்றேன். மகளே, கையைப் பார்க்க வேண்டுமா என்று. கதிரை தூக்கிய இடங்களில் காதில் விழுந்த சிங்களம், சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். ஆமென்று தலையை அசைத்தாள். இந்த முறை தலையசைப்பு எனக்குச் சரியாக விளங்கியது.

பின்னாலிருந்து அந்தோனி மெதுவாக, "சகல, என்னா செய்றீங்க? நம்ம ரெண்டு பேருக்கும் அடி வாங்கித் தரப் போறீங்க!" என்றார். வயதான ஒருவர் எழுந்து நின்றார். நான் நிறுத்தவில்லை. ஈரப் பெயின்டிலிருந்து தூசியை எடுப்பதுபோல விரல் விரலாக இழுத்துக் கழற்றினேன். மெழுகு நிறத்தில் ஒரு கை வந்தது. வண்டிப் பிடியால் உள்ளங்கையில் காய்ப்பு. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கழுவியும் போகாத கிரீஸ்.

அந்தக் கிரீஸைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு அப்படியே உடைந்து, "தாத்தே!" என்று கத்திக்கொண்டு அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சிங்களத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து நின்ற பெரியவர் உட்கார்ந்துவிட்டார். குசுமா உள்ளேயிருந்து வந்தாள், கையுறை என் கையில் இருப்பதைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியின் மறுபக்கம் போய், "மேகத் கலவன்ன" என்றாள். இதையும் கழற்றுங்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும்போது அந்தோனி கேத்தலைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தார்.  சந்து முனைக்கு வந்ததும், "எங்கம்மாவுக்கும் போட்டிருந்தாங்க சகல. எனக்குக் கேக்கத் தோணல" என்றார்.

ஆண்டவரின் உயிர்ப்புக்குப் பிறகு, ஆணிக் காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சந்தேகப்பட்ட அந்தச் சீடரைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் பிரசங்கம் கேட்கிறோம். சிறுவயதிலிருந்து எனக்கு அவரை விசுவாசம் குறைந்தவராகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அன்பு வைத்திருந்த ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். வந்துவிட்டார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அவர் கேட்டது கையைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான். முகத்தைக் கேட்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. ஆண்டவரும் கோபப்பட்டுப் போய்விடவில்லையே. கையை நீட்டினார். மகிமையடைந்த உடம்பிலும் அந்தக் காயத்தை அழிக்காமல் வைத்திருந்தார். அப்படியென்றால் என் ஸ்டெல்லாவை எழுப்பும்போது அந்த விரலை நிமிர்த்திவிட மாட்டார் என்று நம்புகிறேன். இதை எந்தப் பாதரிடமும் கேட்டதில்லை. கேட்கத் துணிவில்லை, தேவையும் இல்லை.

அதன்பிறகு சங்கத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் அந்தோனி என்னை முதலில் உள்ளே அனுப்புகிறார். நான் கேட்பது ஒரே கேள்விதான். சிலர் வேண்டாம் என்கிறார்கள். ஒரு வீட்டில் மகன் என்னைத் தள்ளிவிட்டு, "தொடாதீங்க!" என்றான். அது அவர்கள் அப்பா, அவர்கள் துக்கம். கதிரை போடப் போய்விட்டேன். மடுல்கெல்லவில் ஸ்டெல்லாவின் சித்தி இறந்தபோது மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் பெட்டி மிதப்பதுபோல இருந்தது. கையுறையைக் கழற்றினேன். விரல் நுனிகளில் தேயிலைக் கொழுந்துக் கறை கறுப்பாக இருந்தது. சித்தியின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வந்து அந்தக் கறையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.  பனிக்குள் சுற்றிலும் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும்.

இதுதான் நோக்கமா என்று எனக்குத் தெரியாது. பெரிய சொல் அது. ஆனால் ஒரு வீட்டுக்குள் போகும்போது, நான் இங்கே இருக்க வேண்டும் என்று படுகிறது. இத்தனை காலம் எனக்கு எங்கேயும் அப்படிப் பட்டதில்லை. கனவு இன்னும் வருகிறது. கையுறையும் இருக்கிறது. நான் கழற்றச் சொல்லிக் கெஞ்சுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

விசா புதுப்பிக்கக் கொழும்புக்குப் போய்க் கேட்கப்போகிறேன். கொடுத்தால் இருப்பேன், கொடுக்காவிட்டால் திரும்பவும் கேட்பேன். தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று மாலை மழை விட்டிருந்த நேரத்தில் ஸ்டெல்லாவின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவனே போனில் முகம் தெரிய வீடியோவில் கூப்பிட்டான். அவன் ஜெசிந்தாவின் கல்லறையில் நின்றான். முடி காற்றில் பறந்தது.

"வாரியா, வரலியாண்ணே? நேராச் சொல்லு."

"வரல சேவியர். வருஷத்துக்கு ஒருக்கா பாக்க வாரேன். இருக்கிறதுக்கு வரல."

அவன் சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தான். பிறகு, "அப்ப இவளுக்கு நான் ஏத்துறேன். மதினிக்கு நீ ஏத்து" என்றான். 

நானும் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன். அவன் போனை மணல் பக்கம் திருப்பினான். நானும் என் போனைக் கல்லறைப் பக்கம் திருப்பினேன். திரை நிறைய வெள்ளை மணல், சின்னச் சிலுவை, ஒரு சுடர். மேல் மூலையில் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் சிவப்பு மண், இன்னொரு சுடர். தாயும் மகளும் ஒரே இடத்தில் இருந்ததை அத்தனை ஆண்டுக்குப் பிறகு பார்த்தேன். அங்கே கடல் இரைந்தது, இங்கே மரத்திலிருந்து நீர் சொட்டியது. இரண்டும் சேர்ந்தே கேட்டன.

"வெச்சிரட்டாண்ணே?" என்றான்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்க" என்றேன்.